நின்ற இடத்திலேயே உலாவிய வண்டி

மேகத் துணுக்கு ஒன்றுகூட இல்லாத வானம். வாழ்நாளில் கோணல் கோடு போட்டறியாத மனிதர். வாங்கி நாலே மாதமான புது வண்டி. இந்த மூன்றும் சேர்ந்து போட்ட கோடு ஏன் தொப்பை தள்ளிக்கொண்டு நின்றது? அன்று மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த இருநூறு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் அவர் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு வேலை விளையாட்டு மைதானத்தில் கோடு போடுவது. கால்பந்து ஆட்டத்தன்று புல்லின் மேல் தெரிகிற வெள்ளைக் கோடுகள் தாமாக முளைப்பதில்லை. யாராவது ஒருவர் முதல் நாளே போட்டு வைக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த யாராவது அவர்தான். நூல் பிடித்தாற்போல் கோடு போடுவார் என்பதால் பெயரே நூல் என்றாகிவிட்டது. பெரியவர்களுக்கு நூலு, சிறியவர்களுக்கு நூலண்ணன்.

நேராக இல்லாத எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் முதலில் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். பேருந்து நிறுத்தத்து வரிசையில் யாராவது அரை அடி விலகி நின்றால், தோளைத் தொட்டு உள்ளே தள்ளுவார். அவருடைய கல்யாணப் போட்டோவில் மணப்பெண் தனியாக நிற்கிறாள். பக்கத்தில் காலி இடம். படத்தின் ஓரத்தில் ஒரு முதுகு மட்டும் குனிந்து தெரியும். முன்வரிசை நாற்காலிகளைச் சரி செய்யப் போன மாப்பிள்ளையின் முதுகு அது.

"அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பாள் மனைவி. அவளுக்கு வீட்டின் முன்னறையில் தையல் கடை. "நானும்தான் தினமும் நாப்பது கோடு போடறேன், துணி மேல. எவனாவது எனக்கு ஒரு பட்டப்பேரு வச்சானா?"

ஒரே மகள். பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறவள். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். ஊரின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். நம் கதையின் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நாலு மாதத்துக்கு முன் மைதானக் குழு அதை வாங்கியது. மூன்று சக்கரம், நடுவில் பெயிண்ட் தொட்டி, ஒரு கம்பின் உச்சியில் காளான் மாதிரி ஒரு வெள்ளை மூடி. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களின் சிக்னலை அந்தக் காளான் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சிக்னலும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் பார்த்து, தான் எங்கே நிற்கிறோம் என்பதை ஒரு விரல் அகலத்துக்குள் கண்டுபிடித்துவிடும். மைதானத்தின் அளவுகளை ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால், தானே ஓடித் தானே கோடு போடும். பின்னால் நடந்து போவது மட்டும்தான் ஆள் வேலை.

நூலண்ணன் இந்த வண்டியை எதிர்ப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ முதல் நாளே விழுந்துவிட்டார். நூல் கட்டி, ஆணி அடித்து, முதுகு ஒடிய நாலு மணி நேரம் செய்த வேலையை அது நாற்பது நிமிடத்தில் முடித்தது. அதுவும் அவரைவிட நேராக. இந்தக் கடைசி விஷயத்தை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை, வண்டியிடம் மட்டும் சொன்னார். தினமும் துடைப்பார், வெயில் படாமல் துணி போர்த்துவார். ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார்.

"வீட்டுக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அன்றிலிருந்து வண்டிக்குப் பெயர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். சிக்னல் சந்தேகமாக இருந்தால், பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுவார். படிக்கட்டின் தகரக் கூரை மைதானத்து ஓரக்கோட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வானம் பாதி மறைகிற அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிற்பார். நின்றால், குழாய் முனையிலிருந்து ஒரு கை பெயிண்ட் சொட்டிப் புல்லில் குட்டையாகத் தேங்கும். நூலண்ணன் கணக்கில் கோணலுக்கு அடுத்த பாவம் குட்டை. கோட்டின் நடுவே ஒரு குட்டையைப் பார்த்தால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஆகவே முதல் வாரத்திலேயே திரையை நோண்டி ஒரு காரியம் செய்தார். 'சந்தேகம் வந்தால் நில்' என்றிருந்ததை 'சந்தேகம் வந்தாலும் தொடர்' என்று மாற்றினார். கூரையடியில் மாப்பிள்ளை ஒரு விநாடி தயங்கி, பிறகு மரியாதையாகப் போய்விட்டார். குட்டை இல்லை. கோடும் நேராகவே இருந்தது. நூலண்ணன் அந்த மாற்றத்தை அத்தோடு மறந்துபோனார்.

அரையிறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு. சனிக்கிழமை சாயங்காலம்வரை பள்ளிப் பிள்ளைகள் மைதானத்தை விடவில்லை. அவர்கள் போனபிறகு, மைதானக் குழுச் செயலாளர் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று அரை மணி நேரம் ஒன்று இரண்டு மூன்று எண்ணினார். நூலண்ணன் வண்டியைக் கிளப்பும்போது சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கம்பத்து விளக்கு வெளிச்சத்தில் வண்டிக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில், பெயிண்ட் தொட்டியைப் பார்த்தபடி நடந்தார். ஒரு குட்டைகூட விழவில்லை. திருப்தியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

காலையில் ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் மகள் கையுறையை வீட்டிலேயே விட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். அவர் அதை எடுத்துவர ஓடினார். திரும்பி வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. கையுறையை ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டு, மூச்சு வாங்கப் படிக்கட்டில் ஏறி உட்கார்ந்து, மைதானத்தைப் பார்த்தார்.

கோலுக்கு முன்னால் ஒரு பெரிய பெட்டி இருக்கும். அதற்குள் இருக்கும்வரைதான் கோல்கீப்பர் பந்தைக் கையால் தொடலாம். வெளியே வந்து தொட்டால் தப்பு. அந்தப் பெட்டியின் முன்கோடு, மகள் நின்ற பக்கத்தில், நடுவில் வெளியே பிதுங்கியிருந்தது. ஒரு சாண் இரண்டு சாண் இல்லை. நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு பெல்ட்டைத் தளர்த்திவிட்ட மனிதரின் வயிறு மாதிரி, நாலடிக்கு.

நூலண்ணன் எழுந்து கத்துவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் எதிரணிப் பெண் ஒருத்தி பந்தைத் தனியாக உருட்டிக்கொண்டு வந்தாள். மகள் முன்னால் பாய்ந்து, அந்தத் தொப்பையின் உச்சியில் நின்று, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து மார்போடு அணைத்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆட்டம் ஒன்றுக்கு பூஜ்யம் என்று நம் பெண்கள் பக்கம் முடிந்தது.

எதிரணியின் பயிற்சியாளர் ஓர் அம்மா. கழுத்தில் விசிலும், இடுப்பில் அளவு நாடாவும் எப்போதும் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் அவர் யாருக்கும் கை கொடுக்காமல் நேரே பெட்டிக்குப் போய் நாடாவை விரித்தார். அளந்தார். திரும்ப அளந்தார். பிறகு படிக்கட்டைப் பார்த்துக் கேட்டார்:

"கோல்கீப்பர் பொண்ணு யாரோட பொண்ணு?"

இருநூறு தலையும் நூலண்ணன் பக்கம் திரும்பியதே பதிலாகப் போதுமானதாக இருந்தது.

"வேலியே பயிரை மேயும்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் அந்த அம்மா. "வேலியே தள்ளி உக்காந்து மகளுக்கு இடம் விடும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அம்மா, சத்தியமா வண்டிதான்..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். விடுங்கண்ணே."

செயலாளர் இறங்கி வந்தார். நூலண்ணனுக்கு வெகு அருகில் வந்து நின்றார். மூக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுவந்தார்.

"ஊதுங்க நூலு."

"சார், நான் சோடாகூடக் குடிக்கறதில்ல. அதுல குமிழி ஒழுங்கில்லாம வரும்."

"ஊதுங்கன்னா ஊதுங்க."

ஊதினார். செயலாளருக்கு ஏமாற்றமாக இருந்தது. குடித்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். குடிக்கவில்லை என்றால் வேண்டுமென்றே செய்ததாகத்தானே அர்த்தம்? குழு அங்கேயே கூடிப் பேசியது. அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு மறு ஆட்டம். கோட்டைப் பயிற்சியாளர் அம்மாவே அளப்பார். மறுபடி கோணல் என்றால் வெற்றி எதிரணிக்கு. நூலண்ணன் அதற்குப்பின் மைதானத்துக்குள் பார்வையாளராக மட்டும் வரலாம்.

மகள் வீட்டுக்கு வந்து கையுறையை மேஜைமேல் எறிந்தாள்.

"என்னை எல்லாரும் எப்படிக் கூப்பிடறாங்க தெரியுமாப்பா? 'நாலடி'. கூடப் படிக்கறவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாரும். நீ எனக்காகக் கோட்டைத் தள்ளிப் போட்டியா?"

"உனக்காக நான் உயிரைக் கொடுப்பேன்மா. கோட்டைக் கோணலா போடமாட்டேன்."

அவளுக்கு அவரைத் தெரியும். அதனால் நம்பினாள். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவரோடு சரியாகப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் மாப்பிள்ளையை வைத்து ஒரு சோதனைக் கோடு போட்டார். அம்பு விட்டது போல் இருந்தது. செயலாளர் வந்து பார்த்து, தலையை ஆட்டினார். "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த 'தான்' நூலண்ணன் நெஞ்சில் குத்தியது.

பழையபடி நூல் கட்டிக் கையால் போட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. அப்படிப் போட்டால் கோடு நேராக வரும். ஆனால் எல்லோரும் என்ன சொல்வார்கள்? "பார்த்தியா, கண்காணிப்பு வந்ததும் கை நேராயிடுச்சு" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோடு பிழைக்கும். அவர் பெயரும் மகள் பெயரும் பிழைக்காது. போன வாரம் ஏன் வளைந்தது என்று சொல்லியாக வேண்டும்.

வண்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். ஓர் இளைஞன் எடுத்தான்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?"

"பண்ணேன் தம்பி."

"இன்னொரு தடவை பண்ணுங்க சார்."

"அதுக்கப்புறம்?"

"சரியாகலைன்னா திரும்பக் கூப்பிடுங்க. திரும்பப் பண்ணச் சொல்வோம்."

செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. இரும்புதான் சிக்னலைக் கெடுக்கிறதோ? சாயங்காலம் வேலை முடிந்து மைதானம் காலியானதும், கைக்கடிகாரம், சாவிக்கொத்து, போன் எல்லாவற்றையும் படிக்கட்டில் கழற்றி வைத்தார். பெல்ட்டில் இரும்பு வளையம் இருந்தது, அதையும் கழற்றினார். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் நடந்தார். கோடு முன்னைவிட மோசமாக வளைந்தது. தையல் துணி கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்த மனைவி, கம்பிவேலிக்கு அப்பால் நின்று சற்று நேரம் பார்த்தாள்.

"என்னங்க, இடுப்புத் துணியே நிக்காத ஆளு போட்டா கோடு எங்கே நிக்கும்?"

புதன்கிழமை அவளுடைய தம்பி வந்தான். பார்சல் வேன் ஓட்டுகிறவன். சாப்பாட்டு நேரம் தாண்டி, வியர்த்துக் கொட்டி, வரும்போதே வாயில் வசவோடு வந்தான்.

"இந்த போன் மேப்பை ஏரியில தூக்கிப் போடணும்க்கா. நான் போட வேண்டாம், அதுவே என்னைப் போட்டுடுது. நான் ஜம்முனு ஏரிக்கரை ரோட்டுல போயிட்டிருக்கேன். மேப்புல பார்த்தா என் வேன் தண்ணிக்குள்ள நீச்சல் அடிக்குது. 'வலது பக்கம் திரும்பவும்'ங்குது. வலது பக்கம் மீன்தான் இருக்கு."

"நீ ஒழுங்கா ஓட்டினா அது ஏன் முழுகப் போகுது" என்றாள் அக்கா.

"காலையில அதே ரோடு, அதே போன். ஒழுங்கா ரோட்டு மேல போகுது. சாயங்காலம் ஏழு ஏழரை ஆச்சுன்னா அதுக்குக் குளிக்கணும்னு தோணுது. ரெண்டு மூணு வாரமா இதே கூத்துதான்."

நூலண்ணன் கையில் எடுத்த சாப்பாடு பாதியில் நின்றது.

"மச்சான், எத்தனை மணின்னு சொன்னே?"

"ஏழு, ஏழரை மாமா."

"காலையில வராதா?"

"காலையில தங்கம்."

"என் கோடும் திங்கக்கிழமை காலையில நேரா வந்துச்சு, நேத்து சாயங்காலம் வளைஞ்சுது" என்றார் நூலண்ணன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றாள் மனைவி. "வைத்தியம் மட்டும் யாருக்கும் தெரியல. சாப்பிடுங்க."

வியாழக்கிழமை நூலண்ணன் செய்த காரியம்தான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளையை மைதானத்தின் நட்ட நடுவில் நிறுத்தினார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார். கோடு போடச் சொல்லவில்லை. நகரச் சொல்லவில்லை. 'நீ எங்கே இருக்கே?' என்று மட்டும் கேட்டபடி, திரைக்கு முன்னால் ஒரு நோட்டோடு உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஐந்து மணி: நின்ற இடம். ஆறு மணி: நின்ற இடம். சூரியன் மறைந்தது. ஆறே முக்கால்: நின்ற இடம். ஏழு பத்துக்குத் திரையில் புள்ளி ஒன்று மெல்லக் கிளம்பியது. ஒரு அடி கிழக்கே போனது. யோசித்தது. மூன்று அடி தெற்கே வந்தது. அங்கே கொஞ்சம் காற்று வாங்கியது. பிறகு சாவகாசமாகத் திரும்பி வந்து, மறுபடி வேறு பக்கம் கிளம்பியது.

மகள் எழுந்து போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். செங்கல்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அப்பா, மாப்பிள்ளை நின்ன இடத்துலயே வாக்கிங் போறாரு."

வெள்ளிக்கிழமை காலை மறுபடி உதவி எண். இந்தமுறை எடுத்தது ஒரு பொறியாளர்ப் பெண். ஆஃப் பண்ணினீர்களா என்று அவர் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்டார். நூலண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டில் இருந்ததை வரிவரியாகப் படித்தார்.

"சார், உங்க வண்டியில கோளாறு இல்ல" என்றார் அந்தப் பெண். "வானத்துல."

"வானம் பளிச்சுனு இருந்துச்சும்மா. மேகமே இல்ல."

"மேகத்துக்கு ரொம்ப மேல சார். நூறு கிலோமீட்டருக்கும் மேல, பல நூறு கிலோமீட்டர் உசரம் வரைக்கும் ஒரு அடுக்கு. அயனி மண்டலம்னு பேரு. பகல் பூரா வெயில் அதை வறுத்தெடுக்கறதுல, அங்க இருக்கற அணுக்கள்ல இருந்து எலக்ட்ரான் கழண்டு திரியும். சூரியன் மறைஞ்சதும் அடிப்பக்கம் சீக்கிரம் அடங்கிடும். மேல்பக்கம் அடங்காது. அப்போ அடர்த்தியானது மேல, அடர்த்தி இல்லாதது கீழ. என்ன ஆகும்?"

"கீழ இருக்கற லேசானது மேல ஏறும்."

"ஏறும். பெரிய பெரிய குமிழியா, அலைஅலையா ஏறும். சிக்னல் அதுக்குள்ள புகுந்து வரும்போது நடுங்கும், தடுமாறும், சில நேரம் அறுந்தே போகும். அது சரியான நேரத்துக்கு வந்ததாத்தான் வண்டி கணக்குப் போடுது. கணக்குத் தப்பினா இடம் தப்பும்."

நூலண்ணன் யோசித்தார். "தொட்டித் தண்ணிக்குள்ள கிடக்கற காசு மாதிரியா? தண்ணி கலங்கினா காசு ஆடற மாதிரித் தெரியுமே."

"அதேதான் சார். காசு ஆடல. பாக்கறதுக்கு ஆடுது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கற ஊர்கள்ல இது அதிகம். பகலும் ராத்திரியும் சமமா வர்ற மாசங்கள்ல இன்னும் அதிகம். நீங்க வண்டி வாங்கின மாசத்துல வானம் அமைதியா இருந்திருக்கும். இப்போ அப்படியில்ல. பெரும்பாலும் ராத்திரி போகப் போக அடங்கிடும். விடியற்காலையில போடுங்க, சரியா வரும்."

பூமத்திய ரேகை என்றதும் நூலண்ணனுக்கு லேசாகப் பொறாமை வந்தது. உலகத்திலேயே நீளமான கோடு, ஒரு சொட்டு பெயிண்ட் செலவில்லை, ஒரு குட்டையும் இல்லை. நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனவரை அந்தப் பெண் நிறுத்தினார்.

"ஒண்ணு மட்டும் புரியல சார். சிக்னல் சந்தேகமா இருந்தா வண்டி தானாவே நின்னிருக்கணுமே. யாராவது அந்த அமைப்பை மாத்தினீங்களா?"

கூரையடிக் குட்டைக்காகத் திரையை நோண்டியது நூலண்ணனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது; "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

நூலண்ணன் மத்தியானம் முழுக்க வீட்டில் நாற்காலிகளை வரிசைப்படுத்தினார். மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னார்.

"அந்த மாத்தின விஷயம் யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"எனக்கு. இப்போ உனக்கு."

"அப்போ வானத்து மேல போட்டுட்டுப் பேசாம இருங்க. அது இறங்கி வந்து சாட்சி சொல்லப் போகுதா?" சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி சரி, மூஞ்சியைக் கோணலா வச்சுக்காதீங்க. உங்களால முடியாது. போய்ச் சொல்லிடுங்க."

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு செயலாளரும், குழுவில் நாலு பேரும், பயிற்சியாளர் அம்மாவும் மைதானத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை நடுவில் செங்கல்களுக்கிடையில் நின்றார். நூலண்ணன் பத்தடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தொட்டதாக ஒருவரும் சொல்லக்கூடாது என்று. திரையைப் பயிற்சியாளர் அம்மாவே பார்த்தார்.

"ஒண்ணும் நடக்கலையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கிளம்பிடுச்சு" என்றார். அதற்கும் பிறகு, "ரெண்டடி. மூணு. கோல் பக்கமா போகுது" என்றார்.

செயலாளர் புல்லில் மண்டியிட்டுச் சக்கரத்தைப் பார்த்தார். செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷமோ என்னவோ, பெயிண்ட் தொட்டியை மோந்து பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வேன்காரத் தம்பி தன் போனோடு உள்ளே வந்தான். "மாமா, நான் இப்போ பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்துல இருக்கேனாம்" என்று அறிவித்தான். வானம் இறங்கி வரவில்லை, ஆனால் இரண்டு சாட்சி அனுப்பியிருந்தது.

நூலண்ணன் பொறியாளர்ப் பெண் சொன்னதைத் தன் பாஷையில் சொன்னார். தண்ணீர்க் காசுவரை சொன்னார். செயலாளர், "அப்போ உங்க மேல தப்பே இல்ல" என்று தோளைத் தட்டினார்.

"இருக்கு சார்" என்றார் நூலண்ணன். "சந்தேகம் வந்தா நின்னுடற புத்தி அதுக்கு இருந்துச்சு. நின்னா குட்டை விழுதுன்னு நான்தான் அதைக் கழட்டினேன். அது பொய் சொல்லல. எனக்குத் தெரியலன்னு சொல்லப் பார்த்துச்சு, நான் வாயைக் கட்டிட்டேன்."

பயிற்சியாளர் அம்மா திரையை விட்டு நிமிர்ந்தார்.

"ஒரு சொட்டு பெயிண்டுக்காகவா அண்ணே?"

"ஒரு கை பெயிண்ட், அம்மா."

"என் வீட்டுக்காரரும் இப்படித்தான்" என்றார் அந்த அம்மா. "கார்ல ஒரு சிவப்பு விளக்கு எரிஞ்சுது. பாக்கக் கஷ்டமா இருக்குன்னு மேல ஸ்டிக்கர் ஒட்டினாரு. எஞ்சின் போச்சு." நாடாவை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஆனா ஞாயித்துக்கிழமை நான் அளப்பேன்."

"அளந்தே ஆகணும்" என்றார் நூலண்ணன்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியது. முதல் காரியமாக 'சந்தேகம் வந்தால் நில்' என்பதைத் திரும்ப வைத்திருந்தார். பெட்டிக் கோடுகள் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் விழுந்தன. நடுக்கோடு, வட்டம், எல்லாம் முடிந்தன. கடைசியாகப் படிக்கட்டுப் பக்கத்து ஓரக்கோடு. தகரக் கூரையடியில் மாப்பிள்ளை பீப் என்று கத்திவிட்டு நின்றார். குழாய் முனையிலிருந்து நிதானமாக ஒரு கை பெயிண்ட் இறங்கித் தேங்கியது.

நூலண்ணன் பையிலிருந்து துணியை எடுத்தார். குனிந்தார். குட்டையைப் பார்த்தார். துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வண்டியைக் கையால் தள்ளி, கூரையைத் தாண்டி மறுபடி ஓடவிட்டார்.

ஏழரை மணிக்குப் பயிற்சியாளர் அம்மா அளந்தார். பெட்டியின் நாலு மூலையையும், முன்கோட்டை எட்டு இடத்திலும். கடைசியில் குட்டையிடம் வந்து நின்றார். "இது என்ன?" என்று கேட்கவில்லை. சுற்றி நடந்து போனார்.

மறு ஆட்டத்தில் நம் பெண்கள் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். மகள் ஒரு தடவை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வந்து, சரியாகக் கோட்டு விளிம்பில் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினாள். எதிரணிக்காரர்களே கை தட்டினார்கள். ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளர் அம்மா முதலில் கை கொடுத்தது அவளுக்குத்தான். "நல்லா நின்னே" என்றார். அன்றிலிருந்து அவளை யாரும் நாலடி என்று கூப்பிடவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சொன்னாள்: "அப்பா, தோத்துட்டோம்."

"ஆமாம்மா."

"உன் மூஞ்சி ஏன் ஜெயிச்ச மாதிரி இருக்கு?"

எதிரே ஒரு கடையின் பெயர்ப்பலகை சாய்ந்திருந்தது. அவர் அதை நிமிர்த்தப் போய்விட்டார்.

இப்போதும் அவர்தான் கோடு போடுகிறார். பகலும் இரவும் சமமாகிற மாதங்களில் விடியற்காலையில் மட்டும். கூரையடிக் குட்டை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைக் காட்டி, கோடு போட்ட ஆள் தூங்கிவிட்டாரா என்று கேட்பார்கள். படிக்கட்டில் யாராவது ஒருவர் முழுக் கதையையும் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர்கள் ஒரு கோலைப் பார்க்கத் தவறியிருப்பார்கள்.

இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த வேன்காரர், டாக்சிக்காரர், நிலம் அளப்பவர் யாராவது இருப்பார்கள். சாயங்காலம் ஏழரை மணிக்கு அவர்களைத் தப்பான தெருவிலோ ஏரியிலோ பார்த்ததாக அவர்கள் போன் சொல்லியிருக்கும். யாராவது அவர்களை ஊதச் சொல்லியும் இருப்பார்கள். ஊதச் சொன்னவரிடமும், ஊதியவரிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.